ஒரு மாப்பிள்ளையும் மூன்று உளவுப் பிரிவுகளும்

உளவுப் பிரிவுகள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பது பற்றி, உளவுப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நின்றுகொண்டு பேசினால் எனக்குக் கால் வீங்கும், உட்கார்ந்து பேசினால் உங்களுக்குத் தூக்கம் வரும். எழுதியே தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பாடக்குறிப்பில் ஒரு பிரதி எனக்கும் வந்தது. கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி இழுத்து, தகவல் பரிமாற்றம் என்று அழகாக எழுதியிருந்தார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். இதே மாதிரி ஒரு படத்தை எழுபதுகளில் ஒரு பெண் வரைந்து என் மேசைமேல் வைத்தாள். அந்தப் படம் மட்டும் வராமல் போயிருந்தால் ஒரு நல்ல மனிதனை நான் சிறைக்கு அனுப்பியிருப்பேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இதில் முட்டாள் யார் என்று நீங்கள் தேட வேண்டாம். நான்தான்.

தூத்துக்குடியில் புதிய துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். நான் மாநிலப் போலீஸின் உளவுப் பிரிவில் சப் இன்ஸ்பெக்டர். ஊரில் இதே வேலைக்கு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சுங்க இலாகாவின் ரகசியப் பிரிவைச் சேர்ந்தவர். இன்னொருவர் மத்திய அரசின் ஆள். அவரை டெல்லிக்காரர் என்போம். மனிதர் பிறந்து வளர்ந்ததெல்லாம் கும்பகோணம், டெல்லியைப் படத்தில் பார்த்திருந்தால் அதிகம். ஆனாலும் அப்படிக் கூப்பிட்டால் அவர் முகம் மலரும்.

மூவரும் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் துறைமுகத்தில் ஓர் அறையில் கூடுவோம். ஒத்துழைப்புக் கூட்டம் என்று பெயர். ஆளுக்கொரு கோப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்போம், யாரும் திறக்க மாட்டோம். ஒரு தட்டு மக்ரூன் வரும், முந்திரிப் பருப்பில் செய்கிற எங்கள் ஊர் இனிப்பு. தட்டு காலியானால் கூட்டம் முடிந்தது. எங்களுக்குள் எழுதாத விதிகள் இரண்டு உண்டு. இந்தச் சேதியை யார் சொன்னார் என்று ஒருவரை ஒருவர் கேட்கக்கூடாது. ஒருவருடைய ஆளை மற்றவர் தொடக்கூடாது. ஆள் என்றால் நமக்கு ரகசியமாகச் சேதி கொண்டுவந்து தருகிறவன். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு நாங்கள் மிகச் சிறப்பாக ஒத்துழைத்து வந்தோம்.

அப்போதுதான் லில்லி புஷ்பம் வந்தாள். நாசரேத்துப் பெண், கல்லூரியில் சமூகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரே ஊரில் இருக்கும் உளவு அலுவலகங்கள் ஒன்றையொன்று எப்படி நம்புகின்றன என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். மேலிடத்திலிருந்து அனுமதிக் கடிதம் வைத்திருந்தாள். முதலில் மூவரும் கோப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பிறகு பார்த்தால், என்ன சேதி என்று அவள் கேட்கவே இல்லை. யார் யாரிடம் முதலில் சொன்னது, எங்கே வைத்துச் சொன்னது, அன்றைக்கு டீ யார் வாங்கிக் கொடுத்தது, இவ்வளவுதான் கேட்டாள். சேதியைக் கேட்காதவளிடம் என்ன பயம்? எங்களுக்குள் கேட்கக்கூடாத கேள்வியை வெளியாள் ஒருத்தி மரியாதையாகக் கேட்டதும் மூன்று பேரும் மடை திறந்த மாதிரி பேசினோம். வருடக்கணக்காக யாராவது கேட்க மாட்டார்களா என்றே காத்திருந்தோம் போலிருக்கிறது.

முதல் நாள் அவளோடு அவளுடைய தகப்பனாரும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் சுங்க அலுவலகத்துக்குப் போனதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சார் தப்பா நினைக்கக் கூடாது. பிள்ளைக்கு சாத்தான்குளத்துல இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பையன் இங்கன தொறமுகத்துலதான் வேலை பாக்கான். நீங்க உளவுல இருக்கிய. ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொன்னா புண்ணியமாப் போகும்."

உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். நம் இலாகாவில் சேர்ந்த சேதி சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததும் முதலில் வரும் வேலையே மாப்பிள்ளை விசாரிப்பதுதான். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. என் விசாரணையில் தேறிய மாப்பிள்ளை யாரும் சோடை போனதில்லை என்று தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பேச்சு. சரி என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை பெயர் சாமுவேல் தங்கராஜ். ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் டாலி கிளார்க். அதாவது கப்பலில் ஏறி, இறங்குகிற மூட்டையையும் ஏறுகிற மூட்டையையும் சரிபார்க்கும் வேலை. ஒழுங்காக விசாரிப்பதென்றால் அவர் தங்கியிருந்த விடுதிக்கோ சாப்பிடுகிற கடைக்கோ போய்க் கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சோம்பல். அரசாங்க வேலைக்காக நான் வைத்திருந்த ஆளிடமே கேட்டுவிட்டேன். அவன் பெயர் மிக்கேல். பெரியதாழைக்காரன். கொழும்புக்குப் போய்வரும் தோணி ஒன்றுக்குத் தலைவன், தோணிக்காரர்கள் பேச்சில் தண்டல்.

"மிக்கேல், தங்கராஜ்னு ஒரு டாலி கிளார்க் இருக்கானே, ஆளு எப்படி? குடிப்பானா? சாயங்காலம் எங்க போறான்? கப்பல்காரங்களோட ரொம்பச் சேர்க்கையா? காயிதம் யாருக்குப் போடுதான்?"

"எதுக்கு ஐயா?"

"சும்மாதான்."

தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் வாயில் வரவே கூடாத வார்த்தை அது. மிக்கேல் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நாலு நாளில் பதில் கொண்டுவந்தான். குடி இல்லை, சிகரெட் உண்டு, கடிதம் அம்மாவுக்கு. அதைத் தலைமையாசிரியரிடம் அப்படியே சொன்னேன். சிகரெட்டை விட்டால் மேற்கொண்டு பேசலாம் என்று அவர் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார். என் வேலை முடிந்தது என்று நானும் அதை மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சுங்கத்துக்காரர் மக்ரூனைக் கடித்துக்கொண்டே, தங்கராஜ் என்று ஒரு டாலி கிளார்க்மேல் எங்களுக்கு ஒரு கண் இருக்கிறது என்றார். டெல்லிக்காரர் கண்ணை மூடித் திறந்து, நாங்களும் கவனித்து வருகிறோம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவன் என்று நான் சான்றிதழ் கொடுத்த ஆள்! இரண்டு இலாகா கவனிக்கிற ஒருவனை நான் கோட்டைவிட்டிருக்கிறேனே என்று வியர்த்தது. அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? எதனால் கவனிக்கிறீர்கள் என்று கேட்டிருப்பான். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "எங்ககிட்டயும் இருக்கு" என்றேன். போலீஸ் மட்டும் பின்தங்கியிருக்கிறது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே.

அன்றிலிருந்து மூன்று இலாகாவும் ஆளுக்கொருவரைத் தங்கராஜின் பின்னால் அனுப்பின. ஒரு மாதமாக வந்த அறிக்கைகள் மூன்றும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. தினமும் சாயங்காலம் வேதக் கோயிலுக்குப் போகிறார். ஏழு மணிக்கு அறைக்குத் திரும்புகிறார். சிகரெட், சீட்டு, சினிமா எதுவும் கிடையாது. பின்னால் வருகிற நம் ஆளைப் பார்த்து வணக்கம் வைக்கிறார்.

"தனியா இருக்கற வாலிபன். ஒரு சிகரெட்கூட இல்லை" என்றார் டெல்லிக்காரர். "இது சுபாவம் இல்லை சார். பயிற்சி."

நாங்கள் தலையாட்டினோம். கெட்டவனாக இருந்தால் சந்தேகம். நல்லவனாக இருந்தால் அதைவிடச் சந்தேகம். வெளிநாட்டுக் கப்பலில் ஏறி இறங்குகிறவன், மூன்று இலாகா தனித்தனியாகச் சந்தேகப்படுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவதென்று முடிவானது. நெருக்கடிநிலை இருந்த அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. ஒருவனை உள்ளே வைக்க வழக்கு வேண்டியதில்லை. எப்போது வெளியே வருவான் என்று அவன் வீட்டார் கேட்கவும் முடியாது. எல்லாம் தெரிந்துதான் தலையாட்டினேன். தலைமையாசிரியருக்கும், இந்தச் சம்பந்தம் வேண்டாம், காரணம் கேட்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு.

புதன்கிழமை லில்லி புஷ்பம் வந்தாள்.

"சார், ஒரு கேள்வி மட்டும். கடைசியா உங்க கூட்டத்துக்கு வந்த சேதி உங்களுக்கு யார் மூலமா வந்துச்சு?"

"சுங்கத்துக்காரர் சொல்லித்தான்" என்றேன்.

"அவர்ட்ட கேட்டேன். போலீஸ் ஒருத்தரைத் தேடுதுன்னு தோணித் தண்டல் ஒருத்தர் சொன்னாராம். டெல்லிக்காரர்ட்டயும் கேட்டேன். சுங்கமும் போலீஸும் பாக்கிறதால நாங்களும் பாக்கோம்னு சொன்னார்."

சொல்லிவிட்டு ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். எங்கள் மூவருக்கும் மூன்று வட்டம், தண்டலுக்கு ஒரு புள்ளி, யார் யாரிடம் கேட்டார் என்று கோடுகள். டெல்லியிலிருந்து ஒரு கோடு சுங்கத்துக்குப் போனது. சுங்கத்திலிருந்து தண்டலுக்கு. தண்டலிடமிருந்து என்னிடம். என்னிடமிருந்து மறுபடியும் சுங்கத்துக்கு. வெளியே எங்கிருந்தும் ஒரு கோடுகூட உள்ளே வரவில்லை.

"மூணு இலாகாவும் சொல்லுதுன்னு நினைச்சிய. ஒருத்தர்தான் சார் சொல்லியிருக்கார். மத்த ரெண்டு பேரும் அதையே திருப்பிச் சொல்லியிருக்காங்க. தொடக்கம் நீங்கதான். யாரைப் பத்தின்னு நான் கேக்கல. அப்பாகிட்ட நீங்க சொன்னதை வச்சு எனக்கே தெரியுது. அவரை நீங்க எதுக்கு விசாரிச்சிய?"

"உங்கப்பா கேட்டாரும்மா" என்றேன்.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போயி ஒரு மனுசனை உளவாளியாக்கிட்டியளா?"

என் வாழ்நாளில் மேலதிகாரிகளிடம் எவ்வளவோ வாங்கிக் கட்டியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குக் கூசின மாதிரி எதற்கும் கூசியதில்லை. கூசிக்கொண்டே ஒரு கோழைத்தனமும் செய்தேன். நீயே கூட்டத்துக்கு வந்து இந்தப் படத்தைக் காட்டிவிடேன் அம்மா என்றேன்.

"முடியாது சார். யார் என்ன சொன்னாங்கன்னு வெளிய விடமாட்டேன்னு மூணு பேருக்கும் வாக்குக் குடுத்துதான் பேச வச்சேன். உங்ககிட்ட இவ்வளவு சொன்னதே தப்பு. இது எனக்கு வேண்டியவர் விசயம்னு இதுக்கு மேல மீற முடியாது." கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நீங்க தொடங்குனது. நீங்கதான் சொல்லணும்."

சொன்னவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நமக்கெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். அதைக் கொஞ்சம் மீறியதற்கே கண் கலங்கிய ஒருவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் நம் இலாகா இல்லை.

மிக்கேலைப் பிடித்தேன். ஏலே, ஏன்லே இப்படிச் செய்தே என்று சத்தம் போட்டேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஐயா, நீங்க ஒரு ஆளைச் சும்மா கேப்பியளா? பின்ன போலீசு இப்ப யாரைத் தேடுதுன்னு சுங்கத்து ஐயா கேட்டாவ, சொன்னேன். அவன் கப்பல்ல ஏறுவானான்னு கேட்டாவ, ஏறுவான்னேன். டாலி கிளார்க் கப்பல்ல ஏறாம பனையிலயா ஏறுவான்?"

அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை. கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசைமேல் இருந்தது. மக்ரூன் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். உண்மையை ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரிந்தவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரித்தேன், இலாகா ஆளை வைத்து விசாரித்தது என் தப்பு, அதுதான் சுற்றிச் சுற்றி இங்கே வந்து நிற்கிறது, தங்கராஜ் ஒரு பாவமும் அறியாதவர். சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது. என்மேல் நடவடிக்கை வரும், வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெல்லிக்காரர் மெல்லச் சிரித்தார்.

"மாப்பிள்ளை விசாரணை! என் சர்வீஸ்ல இவ்வளவு அழகா ஒரு கதையைக் கேட்டதில்லை சார். யாருக்குச் சந்தேகம் வரும்?"

சுங்கத்துக்காரர் உரிமையோடு என் தோளைத் தட்டினார். "உங்க ஆளுன்னு முதல்லயே ஒரு ஜாடை காட்டியிருந்தா நாங்க கிட்டயே போயிருக்க மாட்டோமே, அண்ணாச்சி."

"சத்தியமா அவர் என் ஆள் இல்லைங்க!"

"நாங்க கேக்கவே இல்லையே" என்றார் டெல்லிக்காரர். அவர்கள் காப்பாற்றியது எங்கள் விதியை. ஒருவருடைய ஆளை மற்றவர் தொடக்கூடாது.

டெல்லிக்காரர் தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்ளப் போனார். அந்த ஒரு நிமிடம் எனக்கு மறக்காது. நான் இன்னும் அடித்துப் பேசினால் ஒருவேளை அவர்கள் நம்பலாம். நம்பினால், அப்படியானால் இவன் யாருடைய ஆளும் இல்லை, கையெழுத்தைப் போடுங்கள் என்று தாள் திரும்ப மேசைக்கு வரலாம். நான் சும்மா இருந்தால் தங்கராஜ் வெளியே இருப்பார், ஆனால் இரண்டு இலாகாவின் ஏட்டில் போலீஸுக்குச் சேதி சொல்கிறவர் என்று ஏறிவிடுவார். உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். பொய்யை மறுக்காமல் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் திடமாகத் தெரியாது. அன்றைக்கு அது தித்திக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை மதியம் லில்லி புஷ்பம் என்னைத் தங்கராஜிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும், உங்கள் வாயால் தெரிய வேண்டும் என்பது அவள் கட்டளை. கோயிலை ஒட்டியிருந்த வாசகசாலையில் அவர் காத்திருந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் பொண்ணு வீட்டுக்கு வேண்டியவுகளா? ஒங்க ஆளுக மூணு பேரும் தெனம் வெயில்ல நிக்காவ சார். பாவமா இருந்துச்சு. டீ சொன்னேன், ஒருத்தரு மட்டும் குடிச்சாரு."

"அவங்க பொண்ணு வீட்டு ஆளுன்னு நினைச்சீங்களா?"

"பின்ன? சிகரெட்டை விட்டாத்தான் பேச்சுன்னு தரகர் சொன்னாரு. மறுமாசமே பின்னால ஆளு. பாத்துட்டுப் போவட்டும்னு ரெண்டு மாசமா ஒரு சிகரெட்டைத் தொடல. சீட்டை விட்டேன். தெனம் கோயிலுக்குப் போனேன். என்ன தம்பி, வீட்டுல எதுவும் கஷ்டமான்னு குருவானவரே கேட்டுட்டாரு."

லில்லி புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டெல்லிக்காரர் கண்டுபிடித்த பயிற்சி இதுதான். மூன்று இலாகா சேர்ந்து கண்டுபிடிக்க முடியாததை, கவனிக்கப்பட்ட மனிதர் ஒரு விசாரணையும் இல்லாமல் முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் மூவரில் ஒருவராவது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் அரை டீயில் தீர்ந்திருக்கும்.

பிறகு நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அப்ப தாள்ல நான் ஒங்க ஆளு?"

"ஆமா தம்பி."

"அழிக்க முடியாதா?"

இவர் எங்கள் ஆள் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் நிஜமான ஆளைப் பற்றித்தான் அப்படி எழுதிக் கொடுப்பார்கள். இதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொறமுகத்துல என் பேச்சை நம்பித்தான் லோடுமேன் அத்தனை பேரும் வேலை பாக்கான். போலீசு ஆளுன்னு ஒரு வார்த்தை வெளிய வந்துச்சுன்னா எவனும் எம் பக்கத்துல உக்காந்து சோறு திங்க மாட்டான். கொச்சி ஆபீசுல ஒரு எடம் இருக்கு. கேட்டா குடுப்பாவ. போயிருதேன்." அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்கு இங்கன படிப்பு இருக்கு. நான் எப்படி ஒங்களைக் கூப்புட..."

ஒரு மனிதனுடைய ஊரையும் வேலையையும் 'சும்மாதான்' என்ற ஒரு சொல்லால் நான் பிடுங்கியிருந்தேன். மன்னிச்சிடுங்க தம்பி என்றேன். அவர் மேசைமேல் கிடந்த செய்தித்தாளை ஒழுங்காக மடித்து வைத்தார்.

"சார்" என்றாள் லில்லி புஷ்பம், "நீங்க கொஞ்சம் வெளிய நிக்கியளா? யாரும் வராமப் பாத்துக்கிடுங்க."

வெளியே வந்தேன். கதவு ஒருச்சாய்த்துத்தான் இருந்தது, காதைக் கொடுத்திருந்தால் எல்லாம் கேட்டிருக்கும். வேண்டுமென்றே பத்தடி தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். என் சர்வீஸில் கேட்கக்கூடியதைக் கேட்காமல் நின்றது அந்த அரைமணி நேரம்தான். எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்காமல் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே என்று நின்ற இடத்தில் என்னையே திட்டிக்கொண்டேன். நீங்கள் வெறும் பாடமாகப் படிப்பதை எனக்கு அந்த மரத்தடி சொல்லிக் கொடுத்தது.

கடைசியில் இருவரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள்தான் பேசினாள்.

"கொச்சியில என் ஆராய்ச்சியைத் தொடர காலேஜ் எதுவும் இருக்கான்னு பாக்கணும் சார்."

எனக்கு நெஞ்சில் கனத்துக் கிடந்தது சட்டென்று இறங்கியது. அவர்களுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில், "அதுக்கென்னம்மா, நான் விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.